மூக்குடைந்த புத்தருக்குக் கணினியில் மூக்கு வைக்கலாமா? சிலை மீட்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிஜிட்டல் மீட்பு என்றால் சிலையை என்ன செய்கிறார்கள்?

சிலையை ஒன்றும் செய்வதில்லை. அது இருந்த இடத்தில், இருந்த கோலத்திலேயே இருக்கும். அதன் மேற்பரப்பை அளந்து முப்பரிமாண மாடலாகக் கணினிக்குக் கொண்டுவருகிறார்கள். உடைந்த கை, சிதைந்த முகம், உதிர்ந்த வண்ணம் எல்லாம் முன்பு எப்படி இருந்திருக்கலாம் என்பதை அந்த மாடலில்தான் சேர்த்துப் பார்க்கிறார்கள். பிடிக்கவில்லையென்றால் அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். கல்லில் அந்த வசதி கிடையாது.

'இருந்திருக்கலாம்' என்ற சொல்லைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் துறையின் நல்ல வேலைக்கும் மோசமான வேலைக்கும் உள்ள வேறுபாடு அந்த 'லாம்' விகுதியில்தான் இருக்கிறது.

எதற்கு இந்தச் சுற்றுவழி? உண்மையான சிலையையே சரிசெய்துவிட்டால் என்ன?

சில நேரம் செய்கிறார்கள், செய்யவும் வேண்டும். ஆனால் ஒருமுறை ஒட்டியதைப் பிரிப்பது லேசான காரியமில்லை. சேலத்தில் தலைவெட்டி முனியப்பன் என்ற பெயரில் வழிபடப்பட்டுவந்த கற்சிலை புத்தர்தான் என்று 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் தொல்லியல் துறையின் அறிக்கையை ஏற்றுத் தீர்ப்பளித்தது. அந்தச் சிலையின் துண்டான தலையை முன்பே யாரோ உடலோடு சிமெண்ட் வைத்துப் பூசியிருந்தார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததாகவே இருக்கட்டும். உடைந்த விளிம்பு எந்தக் கோணத்தில் பொருந்தியது என்ற தடயம் இப்போது அந்தப் பூச்சுக்குள் இருக்கிறது.

அறிந்தவர்கள் செய்தாலும் தகராறு வரும். ஆப்கானிஸ்தானின் பாமியானில் தகர்க்கப்பட்ட இரண்டு மலைப் புத்தர்களில் சின்னவர் நின்ற மாடத்தின் அடியில் ஜெர்மானிய நிபுணர் குழு ஒன்று பாதம் போன்ற தூண்களைக் கட்டத் தொடங்கியது. அது மறுகட்டுமானம் போலாகிவிட்டது என்று எதிர்ப்பு வந்து, 2013இல் வேலை நின்றது. கணினியில் செய்திருந்தால் ஒரு ஃபைலை மூடிவைப்பதோடு முடிந்திருக்கும்.

நினைவுச்சின்னப் பாதுகாப்புக்கான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் சொல்வது இதுதான்: ஊகம் எங்கே தொடங்குகிறதோ அங்கே சீரமைப்பு நின்றுவிட வேண்டும். அந்த எல்லைக்கு அப்பால் நடந்து பார்க்க ஓர் இடம் வேண்டாமா? கணினி அந்த இடம்.

முதல் வேலை என்ன?

பதிவு. அழகுபடுத்தும் ஆசையை எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, சிலை இன்று எப்படி இருக்கிறதோ அப்படியே, உடைவும் பாசியும் பறவை எச்சமுமாகப் பதிவு செய்வது. இதில் அவசரப்பட்டவர்கள் பின்னால் வருந்தாமல் இருந்ததில்லை.

வழிகள் மூன்று. ஃபோட்டோகிராமெட்ரி என்பது சிலையைச் சுற்றிச் சுற்றி எடுத்த நூற்றுக்கணக்கான ஒளிப்படங்களிலிருந்து வடிவத்தைக் கணக்கிடுவது. ஒரே புள்ளி பல படங்களில் வெவ்வேறு கோணத்தில் தெரிவதால், அது வெளியில் எங்கே இருக்கிறது என்று மென்பொருள் கண்டுபிடித்துவிடும். லேசர் ஸ்கேனர், கதிர் போய்த் திரும்புவதை வைத்துத் தூரத்தை அளக்கிறது. குகை, மலைச்சரிவு, ஐம்பது அடிச் சிலை போன்றவற்றுக்கு ஏற்றது. மூன்றாவது, கோடுகளாலான ஒளிக்கோலத்தைச் சிலைமேல் பாய்ச்சி அது வளைவதைப் படிக்கும் ஸ்கேனர். அரங்குக்குள் இருக்கும் சிறிய சிலைகளில் மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கு, அதற்கும் குறைவான நுணுக்கம் வரை போகும்.

பணம் குறைவாக இருந்தால் கேமராவே போதும். ஆனால் சில ஒழுங்குகள் உண்டு. அடுத்தடுத்த படங்கள் 60 முதல் 80 சதவீதம் வரை ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். ஜூமைத் தொடக்கூடாது. ஃபிளாஷ் கூடாது. மேகமூட்டமான நாள் கிடைத்தால் அதிர்ஷ்டம். கடும் வெயிலில் எடுத்தால் மூக்கின் நிழல் கன்னத்தில் கறையாகவே பதிந்து மாடலுக்குள் வந்துவிடும். சிலைக்குப் பக்கத்தில் ஓர் அளவுகோலும் வண்ண அட்டையும் வைக்க மறக்காதீர்கள். அளவுகோல் இல்லாத மாடலில் ஐம்பது அடிப் புத்தரும் உள்ளங்கைப் புத்தரும் ஒன்றுதான்.

தாடைக்கு அடியிலும் காதுக்குப் பின்னாலும் முழங்கைக்கும் விலாவுக்கும் இடையிலும் எல்லோரும் கோட்டை விடுவார்கள். திரும்பி வந்து பார்க்கும்போது அங்கே ஓட்டை இருக்கும்.

வெண்கலச் சிலை, பொன் பூசிய சிலை என்றால்?

தலைவலி. பளபளப்பு பார்ப்பவரோடு நகரும்; மென்பொருளோ அதைச் சிலையின் புள்ளி என்று நம்பிவிடும். விளக்கிலும் லென்ஸிலும் ஒன்றுக்கொன்று குறுக்காகத் துருவமுனைப்பு (போலரைசிங்) வடிகட்டிகளைப் போட்டு எடுத்தால் பளபளப்பு பெரும்பாலும் அடங்கும். பவுடர் தூவச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். தொழிற்சாலை உதிரிபாகங்களுக்கு அது சரி, பழைய சிலைமேல் வேண்டவே வேண்டாம்.

சிலையே அழிந்துபோய்விட்டது. பழைய படங்கள் மட்டும் இருக்கின்றன. அதை வைத்து மாடல் செய்ய முடியுமா?

முடியும். இதற்குப் பெரிய சான்று பாமியான். ஆப்கானிஸ்தானில் மணற்கல் மலையில் குடைந்த இரண்டு புத்தர்கள், ஒருவர் சுமார் 55 மீட்டர், மற்றவர் சுமார் 38 மீட்டர். 2001 மார்ச்சில் தாலிபான்கள் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதன் பிறகு சூரிக்கில் உள்ள ஈடிஹெச் பல்கலைக்கழகத்தில் ஆர்மின் க்ரூன் தலைமையிலான குழு பெரிய புத்தரைப் படங்களிலிருந்தே மீட்க முயன்றது.

அவர்களிடம் மூன்று வகைப் படங்கள் இருந்தன. இணையத்தில் அகப்பட்டவை, சுற்றுலாப் பயணி எடுத்தவை, 1970 ஆகஸ்டில் ஆஸ்திரியப் பேராசிரியர் ராபர்ட் கோஸ்ட்கா அளவீட்டுக் கேமராவில் எடுத்த மூன்று படங்கள். கடைசி மூன்றுதான் காப்பாற்றியது. எடுத்த கேமராவின் லென்ஸ் கணக்கு தெரிந்திருந்ததால், அந்தப் படங்களிலிருந்து நம்பத்தக்க அளவுகளைப் பெற முடிந்தது. மற்றவற்றிலிருந்து வடிவம் வந்தது, துல்லியம் அந்த அளவுக்கு வரவில்லை.

இன்னொன்றும் நடந்தது. தானியங்கி முறையில் வந்த மாடலில் புத்தரின் சீவர (துறவி) ஆடையின் மடிப்புகள் மழுங்கிப்போயின. குழுவினர் உட்கார்ந்து மடிப்பு மடிப்பாகக் கையால் அளந்து சேர்த்தார்கள். காந்தாரத்திலிருந்து, அதாவது இன்றைய பாகிஸ்தான்-ஆப்கானிஸ்தான் பகுதியின் பழைய சிற்பக் கலையிலிருந்து வந்த அந்தத் துணி மடிப்புகள்தான் பாமியான் புத்தரின் தனி அடையாளம். அது போனால் மீதி இருப்பது மாடத்தில் நிற்கும் ஒரு மொட்டைத் தூண். கிடைத்த மாடலைக் கொண்டு 1:200 அளவில் ஒரு சிறு உருவத்தையும் இயந்திரத்தில் செதுக்கினார்கள்.

ஆகவே வீட்டுப் பரணில் பழைய பயணப் படங்கள் இருந்தால், குலுங்கிப்போனது என்று தூக்கிப்போட வேண்டாம். ஒரே சிலையை அடி தள்ளி நின்று எடுத்த இரண்டு சுமாரான படங்கள், ஓர் அருமையான ஒற்றைப் படத்தைவிட இந்த வேலைக்கு உதவும்.

அப்படியானால் பாமியான் புத்தரின் முகத்தையும் மீட்டுவிட்டார்களா?

இல்லை. எனக்கு மிகப் பிடித்த பதிலும் இதுதான். 2001இல் வெடித்தபோது அந்தப் புத்தர்களுக்கு முகமே இல்லை. உதட்டுக்கு மேலே முகம் செங்குத்தாகச் சீவிவிட்டதுபோல் வெறுமையாகத்தான் பல தலைமுறைகளாக இருந்தது. பகைமையால் வெட்டினார்கள் என்பது ஒரு கருத்து. தொடக்கத்திலிருந்தே மரத்திலோ உலோகத்திலோ செய்த முகமூடியை அங்கே பொருத்தியிருந்தார்கள் என்பது இன்னொரு கருத்து. கைகளும் அப்படித்தான், முழங்கைக்குக் கீழே மரச்சட்டம் கொண்டு அமைத்தவை என்று கருதப்படுகிறது.

630 வாக்கில் அங்கே வந்த சீனப் பயணி யுவான் சுவாங் பெரியவரைப் பொன்னிறமாக மின்னுகிறார் என்றும், சின்னவரை உலோகத்தில் வார்த்தது என்றும் எழுதிவைத்தார். சின்னவர் கல்லும் மண்பூச்சும்தான். அந்த அளவுக்குக் கண்ணை ஏமாற்றும் பூச்சு அப்போது இருந்திருக்கிறது.

இப்போது சொல்லுங்கள்: எந்தப் புத்தரை மீட்பது? 1970இல் கேமராவுக்குள் விழுந்த முகமற்றவரையா, யுவான் சுவாங் பார்த்த பொன்னிறத்தவரையா? முதலாமவருக்கு அளவு இருக்கிறது. இரண்டாமவருக்கு இரண்டு வரிக் குறிப்பும் கொஞ்சம் வண்ணத் துணுக்குகளும் இருக்கின்றன. பாமியானுக்கு அழகான முகம் வைத்த மாடலை எங்கேயாவது பார்த்தால், அந்த முகம் எங்கிருந்து வந்தது என்று செய்தவரைக் கேளுங்கள். பெரும்பாலும் வேறொரு சிலையிலிருந்து இரவல் வாங்கியதாக இருக்கும். இரவல் தப்பில்லை. இரவல் என்று சொல்லாததுதான் தப்பு.

உடைந்துபோன மூக்கு, கை, விரல் எப்படி இருந்தது என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

சான்றுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் சிலையே தரும் சான்று. விழுந்த துண்டு கிடைத்தால் துண்டின் உடைந்த பரப்பும் சிலையின் உடைந்த பரப்பும் பொருந்துகின்றனவா என்று கணினியிலேயே சேர்த்துப் பார்க்கலாம். கல்லைக் கல்லோடு உரச வேண்டியதில்லை. துண்டு இல்லையென்றால் தழும்பைத் தேட வேண்டும். தொடைமேல் ஒரு விரல்நுனி ஒட்டிக்கொண்டிருக்கும். மார்பில் கை தாங்கிய இடம் கரடாக இருக்கும். காந்தாரச் சிலைகளில் வலக்கையைத் தனியாகச் செதுக்கி முளை வைத்துப் பொருத்துவது வழக்கம். கை போன பிறகும் அந்தக் குழி இருக்கும். குழியின் சாய்வைப் பார்த்தாலே கை எந்தப் பக்கம் நீண்டிருந்தது என்று பாதி தெரிந்துவிடும்.

அடுத்து மறுபாதி. ஒரு காது இருந்தால் அதைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பி மறுகாது செய்கிறார்கள். எளிது, ஆனால் ஆபத்து. எந்தச் சிற்பியும் இரண்டு கன்னத்தையும் ஒரே அச்சில் அடித்ததில்லை. கீழே நின்று பார்ப்பவருக்காகவும் பக்கவாட்டில் வரும் வெளிச்சத்துக்காகவும் வேண்டுமென்றே கொஞ்சம் மாற்றியிருப்பார். திருப்பிப்போட்ட முகம் உயிரற்றுத் தெரிவது அதனால்தான்.

அதற்கடுத்து உடன்பிறப்புகள்: அதே குகை, அதே காலம், அதே பட்டறையைச் சேர்ந்த மற்ற சிலைகள். கடைசியில்தான் சிற்ப இலக்கணம். முகத்தின் நீளத்தை அலகாகக் கொண்டு உடலை அளக்கும் தாலமானம் ஸ்தபதிகளுக்குத் தெரிந்ததே. முத்திரைகளும் உதவும். இடக்கை மடியில் கிடந்து, வலது முன்கை முழங்காலைத் தாண்டி இறங்கினால் அது நிலம் தொடும் முத்திரை. ஆனால் இலக்கணம் ஊருக்கு ஊர், நூற்றாண்டுக்கு நூற்றாண்டு மாறும். காந்தாரத்துச் சிற்பி நம் நூலைப் படித்துவிட்டு உளியெடுக்கவில்லை.

உள்ளே பார்ப்பதும் உண்டு. ஜப்பானில் நாரா நகரின் கோஃபுகு-ஜி கோயிலில் 734ஆம் ஆண்டைச் சேர்ந்த அசுரர் சிலை இருக்கிறது. மூன்று முகம், ஆறு கை, அரக்கும் துணியும் கொண்டு செய்தது. முன்கை ஒன்று உடைந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சரிசெய்யப்பட்டது. அந்த இரண்டு கைகளும் முதலிலிருந்தே கூப்பியவைதானா, சரிசெய்தவர்கள் கூப்பவைத்தார்களா என்று சந்தேகம் இருந்துவந்தது. 2009இல் மருத்துவமனைகளில் எடுப்பதுபோன்ற சிடி ஸ்கேன் எடுத்தார்கள். உள்கட்டமைப்பை ஆராய்ந்தவர்கள் கூப்பிய கைதான் என்ற முடிவுக்கு வந்தார்கள். சிலையை ஒரு சுரண்டல்கூடச் சுரண்டாமல் கிடைத்த விடை.

தலை ஒரு நாட்டில், உடல் ஒரு நாட்டில் இருக்கிறது. சேர்க்க முடியுமா?

இந்தத் துறை அதிகம் பயன்படுவது இங்கேதான் என்பேன். சீனாவில் சியாங்டாங்ஷான் குகைகள் வட சி வம்சத்தின் காலத்தில், அதாவது 550க்கும் 577க்கும் இடையில் குடையப்பட்டவை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தலைகளையும் கைகளையும் வெட்டியெடுத்து விற்றுவிட்டார்கள். அவை இன்று பல நாட்டு அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. சிகாகோ பல்கலைக்கழகத்தில் கேத்தரின் சியாங் முன்னின்று நடத்திய திட்டம், சிதறிய துண்டுகளை ஒவ்வொன்றாகத் தேடிப்போய் ஸ்கேன் செய்தது. குகையின் உள்புறத்தையும் ஸ்கேன் செய்து, எந்தத் தலை எந்தக் கழுத்துக்கு உரியது என்று பொருத்திப் பார்த்தது. 2010இல் தொடங்கிய கண்காட்சியில் ஒரு குகையைப் பெரிய திரைகளில் எழுப்பி, அதன் நடுவே பார்வையாளர்களை நிற்கவைத்தார்கள்.

தியென்லோங்ஷான் குகைகளிலும் இதே கதைதான். 1920களில் நடந்த சூறை. அங்கே எட்டாம் குகையின் வடசுவரிலிருந்து போன புத்தர் தலை ஒன்று 2020இல் ஜப்பானிலிருந்து சீனாவுக்குத் திரும்பியது. மாடல் தலையைத் திருப்பிக் கொண்டுவராது. ஆனால் இந்தத் தலை இந்தச் சுவருக்குரியது என்று கையில் அளவோடு பேச வைக்கும்.

இந்தோனேசியாவின் போரோபுதூர் கோயிலின் கணக்கு வேறு மாதிரி. அங்கே முதலில் 504 புத்தர்கள். முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் சேதமடைந்தவர்கள், பெரும்பாலோர் தலையில்லாதவர்கள். 43 பேரைக் காணவே இல்லை. ஒரே கோயில், ஒரே கல், கிட்டத்தட்ட ஒரே முகம். தலைக்கு உடல் தேடுவது அங்கே மணலில் ஊசி தேடுவதுதான். முகத்தைப் பார்த்துப் பயனில்லை, கழுத்தில் உடைந்த பரப்பின் மேடுபள்ளத்தைத்தான் ஒப்பிட வேண்டும். மனிதக் கண்ணுக்கு அது அலுத்துவிடும், கணினிக்கு அலுக்காது.

சிலை பலமுறை பழுதுபார்க்கப்பட்டிருந்தால் எந்தக் காலத்து உருவத்தை மீட்பது?

நாராவின் பெரிய புத்தரை எடுத்துக்கொள்வோம். 752இல் கண்திறப்பு நடந்தது. 855இல் நிலநடுக்கத்துக்குப் பிறகு தலை கழன்று விழுந்தது. 1180இலும் 1567இலும் போரில் தீப்பட்டது. இன்று நாம் பார்க்கும் தலை பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் வார்த்தது. பீடத்துத் தாமரையிதழ்கள் போன்ற சில பகுதிகளில்தான் முதல் காலத்து வேலை மிச்சமிருக்கிறது. தோக்கியோ பல்கலைக்கழகத்தின் கட்சுஷி இகேயுச்சி குழு இன்றைய சிலையை லேசரில் அளந்தது. பிறகு, பழைய ஆவணங்களில் முதல் சிலையின் முகம், கண், காது போன்றவற்றுக்கு எழுதிவைத்திருந்த அளவுகளுக்கு ஏற்ப அந்த மாடலை இழுத்தும் சுருக்கியும் எட்டாம் நூற்றாண்டு உருவத்தை உண்டாக்கியது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அளவு எட்டாம் நூற்றாண்டுடையது, முகவெட்டு பதினேழாம் நூற்றாண்டுடையது. ஆவணம் கண்ணின் நீளத்தைச் சொல்லும்; கண்ணின் கருணையைச் சொல்லாது. குறைகூறவில்லை. கிடைத்ததை வைத்து அவ்வளவுதான் போக முடியும், அதை அவர்கள் மறைக்கவும் இல்லை.

என் கட்சி இது: பிற்காலப் பழுதுபார்ப்பும் சிலையின் வாழ்க்கைதான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒரு பக்தர் வைத்த மண்மூக்கைக் கணினியில் அழித்துவிட்டு ஆறாம் நூற்றாண்டு மூக்கை வைப்பது மீட்பாகாது. இரண்டையும் தனித்தனி அடுக்காக வைத்துவிட்டு, பார்ப்பவர் மாற்றி மாற்றிப் பார்க்கட்டும்.

நிறத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பழைய புத்தர்கள் வெறுங்கல்லாக நின்றவர்கள் அல்லர். மடிப்பின் ஆழத்திலும் காதுக்குப் பின்னாலும் வண்ணத் துணுக்கு ஒளிந்திருக்கும். அதை நுண்ணோக்கியிலும் எக்ஸ்ரே கருவிகளிலும் ஆராய்ந்தால் எந்தக் கனிமம் என்று தெரியும். பாமியான் துண்டுகளை ஆராய்ந்த மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார், ஆடைகள் நீலம், இளஞ்சிவப்பு, ஆரஞ்சு என்று காலத்துக்குக் காலம் பலமுறை வண்ணம் மாறியிருப்பதைக் கண்டார்கள். பிற்காலப் பாரசீக எழுத்துகளில் பெரியவர் 'சுர்க் புத்', அதாவது சிவப்புப் புத்தர். சின்னவர் 'கிங் புத்', வெள்ளையர். துணுக்கும் எழுத்தும் சேர்ந்து போவது அபூர்வமான மகிழ்ச்சி.

கறுத்திருப்பதைக் கறுப்பு என்று நம்பிவிடாதீர்கள். செந்தூரமாகப் பூசிய ஈயச் சிவப்பு நாளடைவில் பழுப்பாகவும் கறுப்பாகவும் மாறும். சீனாவின் துன்ஹுவாங் குகை ஓவியங்களில் கருமேனியராகத் தெரியும் பலர், வரைந்த நாளில் சிவந்த மேனியர்.

செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தால் நொடியில் முகம் வைத்துத் தருகிறதே?

தருகிறது. அழகாகவும் இருக்கிறது. அதுதான் சிக்கல்.

அது ஆயிரக்கணக்கான முகங்களைப் பார்த்து, அவற்றுக்கெல்லாம் பொதுவாக வரக்கூடிய ஒன்றைக் கொடுக்கிறது. மதுராவின் அகன்ற கன்னமும் விழித்த பார்வையும், காந்தாரத்தின் நேரான மூக்கும் அலையலையான கூந்தலும், வட சி காலத்தின் திரண்ட இமையும் கலந்து, தோட்டத்தில் அலங்காரத்துக்கு வைக்கும் புத்தர் பொம்மையின் முகம் வந்து நிற்கும். இன்னும் மோசம், மீந்திருந்த அசல் கல்லையும் கேட்காமலே திருத்திவிடும். இருந்த உதட்டை அது வழவழப்பாக்கிவிட்டதை அருகில் வைத்து ஒப்பிட்டால்தான் கவனிப்பீர்கள்.

பயனே இல்லையா என்றால், உண்டு. துண்டுகளைப் பொருத்திப் பார்ப்பது, மாடலில் பாசியையும் விரிசலையும் பிரித்துக் குறிப்பது, ஒரே ஒரு பழைய படத்திலிருந்து ஆழத்தைக் கணிப்பது. கடைசியாகச் சொன்னதற்கு நல்ல எடுத்துக்காட்டு மறுபடியும் போரோபுதூர். கோயிலின் அடித்தளத்தில் 160 புடைப்புச் சிற்பங்கள் உண்டு; அவற்றில் பெரும்பாலானவை கற்சுவருக்குப் பின்னால் மறைந்திருக்கின்றன. 1890, 1891இல் சுவரைப் பிரித்து ஒளிப்படம் எடுத்துவிட்டு மறுபடி மூடினார்கள். ஜப்பானின் ரிட்சுமெய்கான் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள், வெளியே தெரியும் சிற்பங்களைக் கொண்டு நிரலைப் பழக்கி, அந்தக் கறுப்புவெள்ளைப் படங்களிலிருந்து புடைப்பின் ஆழத்தைக் கணித்திருக்கிறார்கள். இங்கே நிரல் அதே கோயிலின் சிற்பங்களிடமே பாடம் கற்றது. உலகத்துப் படங்களையெல்லாம் விழுங்கிய நிரலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு புரிகிறதா?

எது அசல், எது ஊகம் என்று எப்படிக் காட்டுவது?

வழி எளிது. சேர்த்ததை வேறு நிறத்தில் காட்டுங்கள். அசல் கல் அதன் நிறத்தில், பொருந்திய துண்டு ஒரு சாயலில், கண்ணாடிப் பிம்பம் ஒரு சாயலில், வேறு சிலையிலிருந்து இரவல் வாங்கியது இன்னொன்றில். அதோடு ஒரு குறிப்பேடு: இந்தக் காதை ஏன் இப்படி வைத்தோம், எதைப் பார்த்து வைத்தோம், வேறு என்ன யோசித்துக் கைவிட்டோம். கணினிவழிக் காட்சிப்படுத்தலுக்கான லண்டன் சாசனமும் 2011ஆம் ஆண்டின் செவில் கொள்கைகளும் வற்புறுத்துவது இதைத்தான். பாராடேட்டா என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் பெரிது, முடிவெடுத்த கதையை எழுதிவைப்பது என்பதுதான் பொருள்.

நடைமுறையில் என்ன நடக்கிறது? குறிப்பேட்டை யாரும் பார்ப்பதில்லை, மினுமினுக்கும் படம் மட்டும் கைக்குக் கை போகிறது. அதனால் படத்துக்குள்ளேயே நிற வேறுபாட்டை வைத்துவிடுவது நல்லது. பக்கத்தில் எழுதிவைத்த எச்சரிக்கை படத்தோடு பயணம் போவதில்லை.

கல்லில் செய்யும்போதும் இதே நாணயம் வேண்டும். பாகிஸ்தானின் ஸ்வாத் பள்ளத்தாக்கில் ஜஹானாபாத் மலைப்பாறையில் செதுக்கிய அமர்ந்த புத்தரின் முகத்தை 2007இல் துளையிட்டு வெடிவைத்துச் சிதைத்தார்கள். இத்தாலியத் தொல்லியல் குழு பழைய படங்களையும் முப்பரிமாண அளவீட்டையும் துணைகொண்டு 2016 வரை பல கட்டங்களாக அதைச் சீராக்கியது. பழைய முகத்தின் அச்சு அசலாக அது இல்லை. சேதம் நடந்தது தெரிய வேண்டும் என்றே அப்படி விட்டார்கள்.

மாடலை வைத்து நகல் சிலை செய்யலாமா?

செய்கிறார்கள். தோக்கியோ கலைப் பல்கலைக்கழகம் ஹோர்யு-ஜி கோயிலில் புத்தர் நடுவிலிருக்கும் சாக்கிய மூவர் சிலையை, 623இல் வார்த்ததை, முப்பரிமாண அளவீட்டிலிருந்து வெண்கலத்திலேயே மறுபடி உருவாக்கி 2017இல் காட்டியது. அசலில் உதிர்ந்துபோன தலைச்சுருள்களை நகலில் வைத்தார்கள். இரு பக்கமும் நிற்கும் போதிசத்துவர்கள் முதலில் இடம் மாறி நின்றிருக்க வேண்டும் என்ற ஆய்வின்படி இடவலத்தை மாற்றியும் வைத்தார்கள். கோயிலில் வழிபாட்டில் இருக்கும் அசலில் இப்படிச் செய்து பார்க்க யார் விடுவார்?

ஒத்திகைக்கும் மாடல் பயன்படும். சீனாவின் தாசு பாறைச் சிற்பங்களில் உள்ள ஆயிரங்கை அவலோகிதர் என்ற போதிசத்துவர் சிலையை 2008 முதல் 2015 வரை சீரமைத்தார்கள். எண்ணிப் பார்த்தபோது கைகள் 830. ஒவ்வொரு கையும் ஒவ்வொரு விதம், விரல்கள் போனவை ஏராளம். எந்த விரலை எப்படி நிரப்புவது என்று கணினியில் பார்த்த பிறகே சிலையில் கைவைத்தார்கள்.

புத்தர் சிலையை இப்படி வெட்டி ஒட்டுவது மரியாதைக் குறைவு ஆகாதா?

வழிபாட்டில் இருக்கும் சிலையென்றால் முதலில் அங்கிருக்கும் பிக்குகளையும் வழிபடுவோரையும் கேளுங்கள். பெரும்பாலும் ஸ்கேன் செய்வதில் அவர்களுக்குத் தடை இருப்பதில்லை. தலையைத் தனியாகக் கழற்றிச் சுழலவிடும் அனிமேஷன், சாவிக்கொத்து அளவில் அச்சடித்து விற்பது போன்றவற்றில்தான் மனம் புண்படும். உடைந்ததை உடைந்தபடியே விட்டுவிடுங்கள், நிலையாமையைச் சொன்னவர் அவர்தானே என்று சொல்பவர்களும் உண்டு. அந்த வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. சிலையை அப்படியே விட்டுவிட்டுத்தானே மாடல் செய்கிறோம் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

நானே பழகிப் பார்க்க என்ன மென்பொருள் வேண்டும்?

படங்களிலிருந்து மாடல் செய்ய மெஷ்ரூம், கோல்மேப். ஒப்பிடவும் அளக்கவும் கிளவுட்கம்பேர், மெஷ்லேப். விடுபட்டதைச் செதுக்கிச் சேர்க்க பிளெண்டர். எல்லாம் இலவசம். ஒரு கல் உரலையோ பூந்தொட்டியையோ வைத்துப் பழகுங்கள். பாதுகாக்கப்பட்ட சின்னமோ அருங்காட்சியகமோ என்றால் அனுமதி வாங்காமல் முக்காலியை விரிக்காதீர்கள்.

வேலை முடிந்ததும் எதைச் சேமிக்க வேண்டும்?

எடுத்த மூலப் படங்களை. மாடலைவிட அவைதான் முக்கியம். பத்து வருடம் கழித்து வரும் மென்பொருள் அதே படங்களிலிருந்து இன்னும் நல்ல மாடல் தரும். இன்றைய மாடலிலிருந்து படங்களைப் பெற முடியாது. மாடலை ஒரு நிறுவனத்தின் மென்பொருளில் மட்டும் திறக்கும் வடிவத்தில் விடாமல், பிஎல்ஒய், ஓபிஜே போன்ற பொது வடிவங்களிலும் வையுங்கள். மூன்று பிரதி, ஒன்று வேறு ஊரில்.

நாம் வைத்த கை தவறு என்று பின்னால் தெரியவந்தால்?

தெரியவரும். புதைந்த துண்டு எங்கேயாவது கிடைக்கும், அல்லது ஒரு பழைய படம் வெளிவரும். அப்போது மாடலைத் திருத்தி, தேதி போட்டு, புதிய பதிப்பு என்று வெளியிடுங்கள். பழைய பதிப்பை அழிக்க வேண்டாம். அது ஏற்கெனவே நாலு கட்டுரையிலும் பாடப்புத்தகத்திலும் ஏறியிருக்கும். அந்தக் கை எங்கிருந்து வந்தது என்று ஒருவர் தேடி வரும்போது, அபய முத்திரை என்று நாம் ஏன் நினைத்தோம் என்ற குறிப்பு அங்கே இருக்க வேண்டும்.